ஈடு வைக்கும் குடிகளும் காப்பீடும்

‘ஈடு’ என்னும் சொல்லுக்குப் பொருள் தேடிச் சேலம் நாமக்கல் சமவெளியில் எவரும் அகரமுதலியைப் புரட்ட வேண்டுவதில்லை. இல்லத்தரசியின் காதணி வட்டிக்கடையில் ஈடாகக் கிடக்கிறது. வானம் பார்த்த காட்டின் ஆவணம் வைப்பகத்தில் ஈடாகக் கிடக்கிறது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியவன், அதனை அடைத்துத் தீர்க்கும்வரை வேறு தறிக்கூடத்திற்குப் போகவியலாதவனாய், தன் இரு கைகளையுமே ஈடாக வைத்துவிட்டு நிற்கிறான்.

இத்தனை ஈடுகளையும் அறிந்த மக்கள் இன்னும் சரிவர அறியாத ஈடு ஒன்று உண்டு. அதுவே காப்பீடு. காப்பு, ஈடு என்னும் இரு நல்ல தமிழ்ச் சொற்கள் கூடிப் பிறந்த இச்சொல், ‘இன்சூரன்சு’ என்னும் அயற்சொல்லை அரசாணையிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் பெரும்பாலும் அகற்றிவிட்டது. சொல் வென்றது. பொருளோ இன்னும் வீட்டு வாயிற்படியில் நிற்கிறது. வட்டிக்கடையில் வைக்கும் ஈடு இடர் வந்தபின் வைப்பது. மீளாமற் போகவும் கூடும். காப்பீடு இடர் வருமுன் வைப்பது. இடர் வந்தால் குடியை மீட்பது. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாததனால் அச்சமவெளி செலுத்தும் விலை மிகக் கொடியது.

அவ்விலை எத்துணைக் கொடியது என்பதை 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பள்ளிபாளையத்திலிருந்து வெளிப்பட்ட செய்தி காட்டிற்று. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளரைத் தரகர்கள் அணுகிப் பணங்காட்டிச் சிறுநீரகங்களை விலைபேசிய செய்தி அது. அரசு உசாவற்குழு அமைத்தது. இரு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகசுட்டுத் திங்களில் உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவொன்றை அமைத்தது. மாந்த உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்ற சட்டமோ 1994ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டம் வந்து முப்பதாண்டு கடந்த பின்னும், காவிரிக் கரையில் ஆடை நெய்து ஊருக்கு உடுத்துகின்றவன் தன் உடலை அறுத்து விற்கிறான்.

விற்றவன் மீண்டானா? அதற்கும் விடை உண்டு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001ஆம் ஆண்டில் நேரிற் கண்டு உசாவிய ஆய்வொன்று, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்றபின்னும் நான்கில் மூன்று பங்கினர் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. நூற்றுக்கு எண்பத்தாறு பேர் தம் உடல்நலம் முன்னினும் கெட்டுவிட்டதென்றனர். கடனும் போகவில்லை, உடலும் எஞ்சவில்லை.

கடனுக்கு வாயில்கள் பல. வீட்டுச் செலவு, பெண்ணின் திருமணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், பழங்கடனின் வட்டி எனப் பட்டியல் நீளும். ஆயினும் திருமணத்தை ஈராண்டு தள்ளிவைக்கலாம். வீட்டுக்கூரையை அடுத்த மழைவரை பொறுக்கச் சொல்லலாம். நெஞ்சுவலியைத் தள்ளிவைக்க இயலுமா? நோயின் தனித்தன்மை இதுவே. அது வரும் நாளில் இரண்டு வாய்களைத் திறக்கிறது. தறி நின்றவுடன் கூலி நிற்கிறது. அதே நாளில் செலவு தொடங்குகிறது. வருவாய் இல்லாத நாளில் வாழ்நாளின் பெருஞ்செலவு வந்து சேர்வதனால், எவ்வட்டிக்கும் தலையசைத்துப் பணம் வாங்குவதன்றி ஏழைக்கு வேறு வழியில்லாமற் போகிறது. மருத்துவமனை வாயிலில் நிற்பவன் வட்டி விழுக்காட்டைப் பேரம் பேசுவதில்லை. கடன் கொடுப்பவனுக்கும் அது தெரியும்.

இந்நிலத்தின் தொழில்களை எண்ணினால் இடர் எங்கெங்கு ஒளிந்திருக்கிறதென்பது விளங்கும். பள்ளிபாளையத்து விசைத்தறி, கேட்பவன் செவியை நாளுக்கு நாள் தேய்க்கிறது. பஞ்சுத்துகள் நுரையீரலிற் படிகிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் கொலுசுப் பட்டறையில் வெள்ளி உருக்கும் புகைக்கு முன்னே காலமெல்லாம் குனிந்திருப்போர் எத்தனை பேர்! ஆத்தூர், இராசிபுரம் பக்கத்தில் சவ்வரிசி ஆலை. இளம்பிள்ளையிலும் சலகண்டாபுரத்திலும் சேலைத்தறி. நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் சரக்குந்தும். திருச்செங்கோட்டிலிருந்து வடபுலம் முழுதும் சென்று ஆழ்துளை இறக்கும் கூட்டம். இவர்களில் மிகப் பலர் நாட்கூலியும் கிழமைக்கூலியும் வாங்குவோர். ஒரு திங்கள் படுத்துவிட்டால் அவர்தம் அடுப்பு யார் கையை எதிர்பார்த்து எரியும்?

காப்பீடு அயலவன் கண்டுபிடித்த புதுச் சரக்கு என்று கருதி ஒதுங்குவோர் உளர். அவர்கள் தம் வீட்டு மொய்க்குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பாராக. மொய் என்பதன் பழம்பொருள் திரண்டு கூடுதல். பலர் திரண்டு சிறுசிறு தொகை இட்டு ஒருவரின் பெருஞ்செலவைத் தாங்குவதும், இட்டதை ஏட்டில் எழுதிவைத்து அவரவர் முறை வரும்போது திருப்புவதும் கொங்கு நாட்டில் எத்தனைத் தலைமுறையாக நடந்துவருகிறது! காப்பீட்டின் உயிர்க்கருத்து இதனின் வேறன்று. பலருடைய சிறு தொகை, சிலருடைய பெரும் இடரைச் சுமக்கிறது.

எனினும் மொய்க்கு ஓர் எல்லை உண்டு. திருமணத்திற்கும் காதணி விழாவிற்கும் அழைப்பிதழ் அடிக்கலாம். நோய்க்கு எவரும் அழைப்பிதழ் அடிப்பதில்லை. மேலும், ஏழையின் உறவினரும் பெரும்பாலும் ஏழையரே. ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே நூல்விலை வீழ்ச்சி! ஒருவன் வீழும் வேளையில் அவனைத் தாங்க வேண்டிய பத்துப்பேரும் தள்ளாடிக்கொண்டிருப்பர். ஆகவே திரளும் கூட்டம் உறவைக் கடந்து, ஊரைக் கடந்து பெருக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளியும். ஆயிரம் குடும்பங்கள், ஓராண்டில் அவற்றுள் பத்துக் குடும்பத்திற்குத் தலைக்கு ஓர் இலக்கம் உருபா மருத்துவச் செலவு வருகிறதென்று வைத்துக்கொள்க. செலவு பத்து இலக்கம். பத்துக் குடும்பங்கள் மட்டும் சுமந்தால் பத்தும் அழியும். ஆயிரமும் பகிர்ந்தால் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஆயிரம் உருபா. கிழமைக்கு இருபது உருபாவுக்குங் குறைவு. தேநீர்க்கடையில் போகும் பணம் அது. எந்தப் பத்துக் குடும்பம் என்பது முன்கூட்டி எவருக்கும் தெரியாது. அதனாலேயே ஆயிரமும் சேர வேண்டியிருக்கிறது.

உழைப்பாளர்க்கு இவ்வுரிமையைச் சட்டமாக்கிய முதல் நாடு செருமனி. ஆண்டு 1883. சட்டத்தைக் கொணர்ந்த பிசுமார்க்கு தொழிலாளர்மேல் காதல் கொண்டவரல்லர். பொதுவுடைமையர் பக்கம் அவர்கள் சாய்ந்துவிடக் கூடாதே என்னும் கவலை கொண்டவர். கரணியம் எதுவாயினும், காப்புக்கட்டணத்தில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்ட, நோயுற்றவனுக்கு மருத்துவமும் பதின்மூன்று கிழமைவரை பாதிக் கூலியும் கிடைத்தன. 1911இல் ஆங்கிலேயர் தம் நாட்டில் இதைப் பின்பற்றினர். தொழிலாளி கட்டியது கிழமைக்கு நான்கு பென்னி. முதலாளி மூன்று, அரசு இரண்டு. நான்கு கொடுத்தவனுக்கு ஒன்பதின் பயன் என்று அந்நாட்டமைச்சர் ஊர்தோறும் சொல்லித் திரிந்தார். அதே ஆங்கிலேயர் தாம் ஆண்ட இந்தியாவில் தொழிலாளர் நோய்க்காப்பீடு பற்றி ஆராயுமாறு அதார்க்கரைப் பணித்தது 1943இல்தான். தம் வீட்டுக்கும் பிறர் வீட்டுக்கும் அவர்கள் வைத்த இடைவெளி முப்பத்திரண்டு ஆண்டு.

அதார்க்கரின் அறிக்கை 1944இல் வந்தது. 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 1955இல் தமிழகத்தில் கோவையில் தொடங்கிற்று. கோவை ஆலைத் தொழிலாளி எழுபதாண்டுக்கு முன்னரே பெற்ற காப்பை, அடுத்த மாவட்டத்து விசைத்தறித் தொழிலாளியரில் பெரும்பாலோர் இன்றும் பெறவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர்கள் இழப்பது சிறிதன்று. 2019 சூலை முதல் இத்திட்டத்திற்குத் தொழிலாளி கட்டுவது கூலியில் நூற்றுக்கு முக்கால் பங்கு. முதலாளி கட்டுவது மூன்றேகால் பங்கு. திங்களுக்குப் 12,000 உருபா கூலி பெறுபவன் கட்டுவது 90 உருபா. அவன் பெயரில் முதலாளி கட்டுவது 390 உருபா. தொண்ணூறு கொடுத்தவனுக்கு நானூற்றெண்பதின் பயன்! தொழிலாளிக்கு மட்டுமன்றி அவன் மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் மருத்துவம். நோயிற் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு கைக்கு வரும். நெடுநோய்களுக்கு எண்பது பங்காக ஈராண்டுவரையும் நீளும். மகப்பேற்றுக்கு 26 கிழமை முழுக்கூலி. பணியில் உறுப்பிழந்தால் தொடர் உதவித்தொகை. உயிரிழந்தால் குடும்பத்திற்கு உதவித்தொகை.

இங்கு நின்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. மற்றக் காப்பீடுகள் மருத்துவமனையின் கணக்கை மட்டும் தீர்க்கின்றன. நோய் திறக்கும் இரண்டாம் வாயாகிய கூலி இழப்பை இதுவொன்றே அடைக்கிறது. தொழிலாளர்க்கு இதனின் மேம்பட்ட காப்பு இந்நாட்டில் இல்லை.

பின்னர் ஏன் கிட்டவில்லை? பத்துப்பேரும் அதற்கு மேலும் பணிசெய்யும் தொழிற்கூடத்திற்கே இது கட்டாயம். ஒரே கூரையின்கீழ் ஓடும் தறிகளைத் தந்தை பெயரில் நான்கு, மைத்துனர் பெயரில் நான்கு, மருமகன் பெயரில் நான்கு என்று ஏட்டில் பிரித்தெழுதும் கலை விசைத்தறித் தொழிலில் நெடுங்காலமாகத் தேர்ச்சி பெற்றது. முந்நூற்றுத் தொண்ணூறு உருபாவைத் தப்பவைக்க முதலாளி செய்யும் இக்கணக்குதான், பின்னொரு நாள் அவனிடமே ஐம்பதாயிரம் முன்பணங் கேட்டு அத்தொழிலாளியை நிற்கவைக்கிறது. தொழிலாளியிடமும் குறையில்லாமலில்லை. ‘பிடித்தம்’ என்றவுடன் முகஞ்சுளித்து, ‘எனக்கு வேண்டாம், கையிற் கொடுத்துவிடு’ என்பவன் தன் கைப்படத் தன் உரிமையைக் கொடுத்துவிடுகிறான்.

பத்துப்பேர் இல்லாத கூடங்களுக்கும் இப்போது ஒரு வாயில் திறந்திருக்கிறது. 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குமுகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்படி, முதலாளியும் தொழிலாளரிற் பெரும்பாலோரும் உடன்பட்டால் சிறு கூடங்களும் இத்திட்டத்தில் தாமாகச் சேரலாம். அத்தொகுப்புச் சட்டத்தின் பிற பகுதிகள் குறித்துத் தொழிற்கழகங்களுக்கு வன்மையான மறுப்புகள் உள. அது வேறு வழக்கு. கிடைத்த வாயிலில் நுழைவதற்கு அவ்வழக்கு தடையாகாது. இளம்பிள்ளையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் ஐவரும் அறுவருமாய் உட்கார்ந்து பணிசெய்யும் பட்டறைகள் இதனை வினவிப் பெறவேண்டும்.

இதற்கும் வெளியே நிற்கும் குடும்பங்களுக்கு அரசின் காப்பீடு உண்டு. 2009 சூலையில் தி.மு.க. ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. (அதன் முழுப்பெயரில் ‘உயர் சிகிச்சை’ என்றிருந்தது, ‘உயர் பண்டுவம்’ என்றிருந்தால் எவருக்கும் நோய் மிகுந்திராது.) 2012 சனவரியில் அ.தி.மு.க. ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செபுதம்பரில் ஒன்றிய அரசின் ஆயுசுமான் பாரத்துத் திட்டத்தோடு இணைந்தது. சேலத்து நெசவாளியின் நாவில் அப்பெயர் நுழைய அவன் இன்னும் சில பிறவி எடுக்க வேண்டும். எக்கட்சி தொடங்கியது, எக்கட்சி பெயர் மாற்றியது என்பது நோயாளிக்கு வேண்டாத பூசல். ஆண்டுக் குடும்ப வருவாய் 72,000 உருபாவுக்குக் கீழென்று இருந்த வரம்பு 2022இல் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலக்கம் உருபாவரை மருத்துவம். கட்டணத்தை அரசே கட்டுகிறது. நெஞ்சாங்குலை அறுவை, புற்றுநோய் மருத்துவம், சிறுநீரக மாற்று, செவிப்புலனற்ற குழந்தைக்கு உட்செவியிற் பொருத்தும் கருவி முதலியவை இதில் அடங்கும்.

சிறுநீரக மாற்றுக்கே பணந்தரும் அட்டை தமிழகத்தில் வழங்கப்பட்டுவரும் காலத்தில்தான் சிறுநீரகம் கடனுக்கு விலைபோகிறது என்னும் முரண்பாட்டை இங்கே கண்டுகொள்க.

அட்டை பெறுதற்கு வேண்டியவை மூன்றே. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருவாய்ச் சான்று. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள பதிவு நடுவத்தில் கொடுத்துப் பெறலாம். நெஞ்சுவலி வந்த இரவில் வருவாய்ச் சான்றுக்கு அலைதல் இயலாது. நலமாயிருக்கும் நாளிலேயே பெற்றாக வேண்டும். பெற்ற பின்னரும், திருமணமாகி வந்த மருமகள் பெயரும் புதிதாய்ப் பிறந்த பிள்ளையின் பெயரும் குடும்ப அட்டையில் ஏறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அட்டை உள்ளவரிடம் ‘முன்பணம் கட்டு, பின்னர் பார்க்கலாம்’ என்று பணங்கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. திட்டத்தில் அடங்கிய மருத்துவத்திற்கு நோயாளி பணங்கட்ட வேண்டுவதில்லை. கேட்டால் ஆட்சியரிடம் எழுத்து வடிவில் முறையிட வேண்டும். வாய்ப்பேச்சு காற்றிற் போகும்.

இத்திட்டத்தைத் தனியார் மருத்துவமனைக்கு வழியனுப்பும் சீட்டென்றே பலர் கருதுகின்றனர். அது தவறு. சேலத்தின் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022 சனவரியில் திறக்கப்பெற்ற நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் மருத்துவம் பெறுபவர் தம் அட்டையைக் காட்டினால், காப்பீட்டுத் தொகை அவ்வரசு மருத்துவமனைக்கே வந்து சேரும். கருவி வாங்கவும் பணியாளரை ஊக்கவும் அது பயன்படும். ‘இங்கே எப்படியும் கட்டணமில்லையே, அட்டை எதற்கு?’ என்று வீட்டில் விட்டுவருபவன், தன் ஊர் மருத்துவமனைக்கு வரவேண்டிய பணத்தைத் தடுத்துவிடுகிறான்.

சாலையில் வாழ்வோர்க்கு வேறொன்று சொல்ல வேண்டும். தொப்பூர்க் கணவாயில் இறங்கி ஓமலூர், சேலம், இராசிபுரம், நாமக்கல் என நீளும் 44ஆம் எண் நெடுஞ்சாலை குருதி காணாத கிழமை அரிது. 2021 திசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தின்படி, தமிழக எல்லைக்குள் சாலை நேர்ச்சியில் அடிபட்டவர் எம்மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை உள்ளவராயினும் இல்லாதவராயினும், திட்டத்திற் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்திற்குக் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம். ஆயின் 48 மணி கழிந்த பின்னும் கால்முறிவு ஆறு திங்கள் இருக்கும். அப்போது துணைவருவது காப்பீடே.

வருவாய் வரம்பைச் சற்றே கடந்த சிறு வணிகர், ஒற்றைச் சரக்குந்து வைத்திருப்போர், பட்டறை உரிமையாளர் ஆகியோர்க்கு அரசின் அட்டை இல்லை. அவர்கள் நிலை ஒருவகையில் ஏழையினும் இரங்கத்தக்கது. ஒரே நோய் அவர்களை வரம்புக்குக் கீழே தள்ளிவிடும். அவர்கள் தம் பணத்திற் காப்பீடு எடுத்தல் வேண்டும். தனியாள் குடும்ப மருத்துவக் காப்பீட்டின்மேல் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சரக்குபணி வரி 2025 செபுதம்பர் 22 முதல் அறவே நீக்கப்பட்டுள்ளது. புதிதாய்க் காப்பீடு எடுப்போர்க்கென விதியில் இருந்த அறுபத்தைந்து அகவை வரம்பும் 2024இல் எடுபட்டது.

தனியார் காப்பீட்டில் தமிழன் ஏமாறும் இடம் எது? மொழி! காப்பு ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. முகவர் தமிழிற் பேசி விற்கிறார். நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதி மறுக்கிறது. முகவர் சொன்னவை ஆவணத்தில் இல்லை. ஆவணத்தில் உள்ளவற்றை முகவர் சொல்லவில்லை. அறை வாடகைக்கு ஒரு வரம்பு, இன்ன நோய்க்கு இத்தனை ஆண்டுக் காத்திருப்பு, கணக்கில் இத்தனைப் பங்கை நோயாளியே ஏற்க வேண்டும் என்பன போன்ற கட்டுறவுகளெல்லாம் பொடியெழுத்தில் ஆங்கிலத்தில் பதுங்கியிருக்கின்றன. பத்தாண்டு பணங்கட்டியவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதுதான் அவை வெளியே வருகின்றன. தாய்மொழியில் எழுதப்படாத உடன்படிக்கை உடன்படிக்கையே அன்று. ஒருவன் கண்ணைக் கட்டி மற்றவன் கைப்பிடித்து ஒப்பமிடுவித்தல் அது.

இதற்கொரு பிடி இப்போது கிடைத்திருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை வளர்ச்சி ஆணையத்தின் ஆணைப்படி, 2024 சனவரி முதல் ஒவ்வொரு நலக்காப்பீட்டு நிறுவனமும் காப்பின் பயன், விலக்கு, காத்திருப்பு, முறையீட்டு வழி முதலியவற்றை எளிய நடையிற் சுருக்கி ஒரு விளக்கத்தாளாக வாடிக்கையாளர்க்குத் தரவேண்டும். அவர் விரும்பிக் கேட்டால் அதனை அவர் வட்டார மொழியிலேயே தரவேண்டும். ‘கேட்டால்’ என்பதைக் கருதுக. கேளாதவனுக்கு ஆங்கிலம், கேட்டவனுக்குத் தமிழ். சேலத்திலும் நாமக்கல்லிலும் காப்பீடு எடுக்கும் ஒவ்வொரு தமிழனும் தமிழ்த்தாள் வந்தபின்பே ஒப்பமிடுவேன் என்று நின்றால், ஓராண்டிற்குள் தமிழ்த்தாள் கேளாமலே வரத்தொடங்கும். தமிழ்நாட்டில் தமிழைக் கேட்டுப் பெற வேண்டியிருப்பது இழிவே. எனினும் இழிவென்று சொல்லிக் கேளாதிருத்தல் அதனினும் பெரிய இழப்பு.

மறைக்காமல் எழுதவேண்டிய மற்றொன்றும் உண்டு. நீரிழிவோ குருதியழுத்தமோ இருந்தால் அதனை விண்ணப்பத்தில் முன்னரே குறித்துவிட வேண்டும். குறித்த நோய்க்குக் காத்திருப்பு மூன்றாண்டிற்கு மேற்படக் கூடாதென்று 2024 முதல் வரையறுக்கப்பட்டுள்ளது. ஐந்தாண்டு இடையறாது கட்டிவந்தவரின் காப்பை, ஏமாற்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, நிறுவனம் மறுக்க இயலாது. ‘ஒன்றுமில்லையென்று போட்டுவிடுங்கள்’ என்று காதிற் சொல்லும் முகவர், தம் தரகுக்காகப் பிறர் உயிரை ஈடு வைக்கிறார்.

அரசே நல்ல மருத்துவமனை நடத்தினால் காப்பீடு எதற்கு, மக்கள் பணம் தனியார்க்குப் போகும் வழியன்றோ இது என்பார் உளர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. அரசு மருத்துவமனை அடித்தளம். காப்பீடு அதன்மேல் எழுப்பும் சுவர். அடித்தளம் பெயர்ந்தால் சுவர் நில்லாது. மேலும் பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையிற் படுத்தவர்க்கே பணந்தருகின்றன. நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்குத் தருவதில்லை. அவ்விடத்தை ஊர்தோறுமுள்ள அரசு நலவாழ்வு நிலையமும், 2021 ஆகசுட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமுமே நிரப்ப வேண்டும். இந்திய மருத்துவச் செலவு முழுவதிலும் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுப்பது 2013–14இல் நூற்றுக்கு 64 ஆக இருந்து 2021–22இல் 39 ஆகக் குறைந்தது என்று அரசின் கணக்கு கூறுகிறது. குறைந்தது நன்று. நூற்றில் முப்பத்தொன்பது இன்னும் கையிலிருந்தே போகிறது என்பது நன்றன்று. ஆயினும் எல்லாம் செம்மையாகும் நாள்வரை காத்திருக்கச் சொல்லும் உரிமை, இன்று நோயுற்றவனிடம் எவருக்கும் இல்லை.

அரசையும் நிறுவனத்தையும் மட்டுமே நோக்கி நிற்க வேண்டுவதுமில்லை. நீலமலைக் கூடலூரில் பழங்குடி மக்கள் தம் கழகத்தின் வழியாக 1992 முதலே கூட்டாகக் காப்பீடு எடுத்துத் தமக்கென நடைபெறும் மருத்துவமனையில் பண்டுவம் பெற்றுவந்தனர். எழுத்தறிவும் பணமும் மிகக் குறைந்தோர் என்று பிறரால் எண்ணப்பட்டவர் அவர்கள். கருநாடகத்தில் 2003இல் தொடங்கிய ‘யசசுவினி’ திட்டத்தில் கூட்டுறவு உழவர் கட்டியது திங்களுக்கு ஐந்து உருபா. முதலாண்டிலேயே சேர்ந்தவர் ஏறத்தாழ 16 இலக்கம் பேர். 2018இல் நிறுத்தப்பட்டபோது உழவர் வேண்டியதால் பின்னர் மீளத் தொடங்கவும் பெற்றது.

சேலம் நாமக்கல் வெளியில் கைத்தறிக் கூட்டுறவுக் கழகங்கள் உள்ளன. சவ்வரிசிக்கு 1981இல் எழுந்த கூட்டுறவு நிறுவனம் உள்ளது. சரக்குந்து உரிமையாளர், ஓட்டுநர் கழகங்களும் வெள்ளித் தொழிலாளர் கழகங்களும் உள்ளன. ஆயிரவர் பெயரோடு ஒரே ஏடாகச் சென்று கேட்கும் கழகத்திற்கு நிறுவனம் சொல்லும் கட்டணம் வேறு. தனியொருவன் சென்று நின்றால் சொல்லும் கட்டணம் வேறு. இக்கழகங்கள் ஆண்டுவிழா மலருக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை இதற்குச் செலவிடுமா?

தமிழ் அன்பர்கள் செய்தற்குரியது கையருகிலேயே இருக்கிறது. காரிக்கிழமை மாலை தறிக்கூடங்களில் கூலி கொடுக்கும் வேளையில் தெருமுனையில் ஒரு பலகையிட்டு அமர்ந்து, வருவோரின் அட்டையையும் ஆவணத்தையும் வாங்கிப் படித்துத் தமிழிற் சொல்ல வேண்டும். அட்டை இல்லாதவரின் பெயரைக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலகப் பதிவு நடுவத்திற்கு உடன்சென்று வரவேண்டும்.